மட்டி ஓட்டுக்குள் ஒரு மர்மம்!

சிதம்பரத்தை அடுத்த கிள்ளை. அங்கே உப்பங்கழிக் கரையில் மட்டி ஓடும், பாறையில் ஒட்டி வளரும் ஆளியின் ஓடும் கிடக்கும். காளவாயில் சுட்டால் இரண்டும் சுண்ணாம்புதான். வெற்றிலையில் தடவுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் கனிமம் சேகரிப்பவர் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைப்பார்!

ஏன்? இரண்டும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் இரண்டும் நுரைக்கும். ஆனால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறு. ஒரே செங்கல்லால் இரண்டு விதமாகச் சுவர் எழுப்புவது போல! மட்டி ஓடு 'அரகோனைட்'. ஆளி ஓடு பெரும்பாலும் 'கால்சைட்'. அரகோனைட் சற்றுக் கனம்: தண்ணீரைப்போல் 2.93 மடங்கு, கால்சைட் 2.71 மடங்கு.

மண்ணில் புதைந்த அரகோனைட் நாளடைவில் கால்சைட்டாக மாறிவிடும். அரியலூரில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் காலத்து ஓடு மாறாமல் அரகோனைட்டாகவே கிடைத்தால், அபூர்வம்! அங்குள்ள சுண்ணாம்புப் பாறையைத்தான் சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள். அரைபட்டால் போனது போனதுதான்.

பிள்ளைகள் சேகரிக்க விரும்பினால் காலி ஓடாகப் பார்த்து எடுக்கட்டும். உயிருள்ளதை விட்டுவிட வேண்டும். பவளமும் சில சங்கு வகைகளும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, எடுக்கக்கூடாது. ஓட்டோடு ஒரு சீட்டும் வேண்டும். அதில் பெயர், எடுத்த இடம், தேதி.