மலைக்குத் திரும்பும் ஆர்க்கிட்

வாழை போடுகிறவர்களுக்குத் திசு வளர்ப்பு புதிதல்ல. அச்சன்புதூர், வடகரைப் பக்கத்தில் யாரிடமும் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கக்கன்று தோண்டாமல் ஆய்வகத்தில் வளர்ந்த ஜி-9 ரக வாழை நாற்றை வாங்கி நட்டால், தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் குலை தள்ளும். எல்லாம் ஒரே தாயின் நகல் என்பதுதான் அதன் சிறப்பு. இதே நுட்பத்தை மலை உச்சிப் பூச்செடிக்குக் கொண்டுபோனால், அந்தச் சிறப்பே ஆபத்தாகிவிடுகிறது.

செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலை. அதன் உயரமான புல்வெளிப் பாறைகளில் மட்டும் வளர்வது பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற செருப்பு ஆர்க்கிட். மஞ்சள் இதழ்கள், நடுவில் கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பு முனைபோல ஒரு பை. 1865-இல் கர்னல் ட்ரூரி இதைக் கண்டார்; பெயர் அப்படி வந்தது. நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1972-இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்ததே வினையாயிற்று. ஆர்க்கிட் பித்தர்களுக்காகச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்று செருப்பு ஆர்க்கிட்களைக் காட்டிலிருந்து எடுப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்னாட்டு வணிகத்துக்கும் தடை. சட்டம் பிடுங்குகிற கையைத் தடுக்கலாம், செடியைப் பெருக்காது.

பெருக்கும் வேலையைக் கையில் எடுத்தது பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம். தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள்.

ஆர்க்கிட் விதை தூசியாக இருக்கும். முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு உள்ளே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை இல்லாமலே, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். திசு வளர்ப்பு ஆய்வகங்கள் இன்றும் அந்த வழியில்தான் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கின்றன. செருப்பு ஆர்க்கிட்டில் முற்றிய விதை எளிதில் முளைப்பதில்லை. அதனால் காய் வெடிக்கும் முன்பே பச்சையாகப் பறிப்பார்கள். மூடிய காயின் உட்புறத்தில் கிருமி இருக்காது. வெளித்தோலைச் சுத்தம் செய்து, கிருமியற்ற காற்று வீசும் மேடையில் வைத்து அறுத்தால் போதும்.

நுனிமொட்டை வெட்டி நகலெடுக்கும் வழியும் உண்டு. ஆனால் செருப்பு ஆர்க்கிட் அதற்கு லேசில் மசியாது. வளர்ச்சி மிக மெதுவு. எனக்கு இது நல்லதாகவே படுகிறது. விதையிலிருந்து வரும் ஒவ்வொரு நாற்றுக்கும் மரபுக்கலவை வேறு. ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒருசேரச் சாகாது. சந்தைக்கு நகல் சரி, மலைக்கு விதைதான்.

குடுவையை விட்டு வெளியே வருவதுதான் கண்டம். உள்ளே எப்போதும் ஈரம் என்பதால் இலையின் மெழுகுப்பூச்சு சரியாகப் படிவதில்லை, துளைகளுக்கும் மூடத் தெரியாது. திடீரென்று திறந்தால் சில மணி நேரத்தில் வாடிவிடும். வாரக்கணக்கில் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்க வேண்டும். அப்படித் தேறிய நாற்றும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

பூத்தாலும் காய்க்க வேண்டுமே. இந்த இனத்துப் பூக்களில் தேன் கிடையாது. ஏமாந்து பைக்குள் விழும் பூச்சி, மகரந்தத்தை உரசிக்கொண்டு பின்வழியாக வெளியேற வேண்டும். பிறகு இன்னொரு பூவிலும் அது ஏமாற வேண்டும்! பாறைக்கு ஒரு செடியாகத் தனித்தனியே நட்டால் அது நடப்பது அரிது. ஆகவே வெவ்வேறு தாய்ச்செடிகளின் நாற்றுகளைக் கலந்து கூட்டமாக நடுவதே முறை. அவை தாமாகக் காய்த்து, அங்குள்ள பூஞ்சையோடு சேர்ந்து புது முளை விட்ட பிறகுதான் ஆய்வகத்தின் வேலை முடிந்ததாகக் கணக்கு.