மாநிலங்களவையும் மூத்தோரின் ஓய்வும்

மதிமுக பொதுச்செயலாளர் வைகோ, 2025 ஜூலை 24 அன்று மாநிலங்களவையிலிருந்து ஓய்வு பெற்றார். 1978, 1984, 1990 எனத் தொடர்ந்து மூன்று முறையும், 2019-இல் மீண்டும் ஒருமுறையும் தேர்வானவர். மொத்தம் 24 ஆண்டுகள். இடையில் சிவகாசி தொகுதியிலிருந்து இருமுறை மக்களவைக்கும் சென்றார். அவர் பிறந்த கலிங்கப்பட்டி, நான் வசிக்கும் வாசுதேவநல்லூரைப் போலத் தென்காசி மாவட்டத்து ஊர்தான். அவரது அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இப்பகுதியில் உண்டு. அவரது ஓய்வை யார் தீர்மானித்தார்கள் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

அமெரிக்க செனட்டில் பேட்ரிக் லேஹி 48 ஆண்டுகள் இருந்து, இனிப் போட்டியிடுவதில்லை என்று தாமே அறிவித்து, 2023-இல் விடைபெற்றார். அங்கு 1913 முதல் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கோ சட்டப்பேரவை உறுப்பினர்களின் எண்ணிக்கையே எல்லாம்.

தமிழகத்துக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். 2025-இல் காலியானவை ஆறு. பேரவையின் 234 உறுப்பினர்களும் வாக்களித்தால், ஓர் இடத்தை வெல்ல 34 பேரின் வாக்கு வேண்டும். 2021 தேர்தலில் மதிமுகவினர் நால்வர் வென்றனர். வாசுதேவநல்லூர் அவற்றுள் ஒன்று. அந்த நால்வரும் உதயசூரியன் சின்னத்தில் நின்றவர்கள். எனவே கூட்டணித் தலைமை இடம் ஒதுக்கினாலன்றி சிறிய கட்சியின் மூத்த உறுப்பினர் அவைக்குத் திரும்ப இயலாது. இம்முறை ஒதுக்கப்படவில்லை.

பெரிய கட்சிக்கு வேறு வழிகள் உண்டு. அஸ்ஸாமிலிருந்து 1991 முதல் தேர்வாகி வந்த மன்மோகன் சிங், 2019-இல் அங்கு காங்கிரஸுக்குப் போதிய பலம் இல்லாதபோது ராஜஸ்தான் வழியாக அவைக்குத் திரும்பினார். 2024 ஏப்ரலில்தான் ஓய்வு பெற்றார்.

ஓர் அவைக்கு அனுபவம் எதற்கு என்று கேட்கலாம். பொடா மசோதாவை 2002 மார்ச்சில் மாநிலங்களவை நிராகரித்தது. சில நாள்களில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் அது நிறைவேறியது. மதிமுக அன்று மத்தியில் ஆளும் கூட்டணியில் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதே சட்டத்தின் கீழ் வைகோ கைதாகி, ஏறத்தாழ 19 மாதங்கள் சிறையில் இருந்தார். அவசரச் சட்டங்களைத் தடுத்து நிறுத்தி யோசிக்கும் அவையின் தேவையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்வு அரிது.

உள்ளூர்த் தேவையும் உண்டு. கேரள எல்லைக்குள் உடைந்து கிடக்கும் செண்பகவல்லி தடுப்பணையைச் சீரமைக்க வேண்டும் என்பது எங்கள் பகுதி விவசாயிகளின் பல்லாண்டுக் கோரிக்கை. இது இரு மாநிலங்கள் சார்ந்த சிக்கல். மாநிலங்களின் அவை என்று பெயர் பெற்ற மன்றத்தில் இதைத் தொடர்ந்து எழுப்ப, பழைய கோப்புகளையும் நடைமுறைகளையும் அறிந்த குரல் வேண்டும்.

ஒருவரே நெடுங்காலம் நீடிக்க வேண்டும் என்பது என் வாதமன்று. புதியவர்களும் வரவேண்டும், நான்கு முறை என்பதே நீண்ட காலம்தான். ஆனால், தேர்தல் பேரத்தின் நிலுவைத் தொகையைப் போல இந்த இடங்கள் பகிரப்படுவது நல்லதன்று. யாரை, எந்தப் பணிக்காக அனுப்புகிறோம் என்பதைக் கட்சிகள் வேட்பாளர் அறிவிப்பின்போதே மக்களிடம் விளக்கட்டும். அந்த ஆறு ஆண்டுகள் முடியும்போது கணக்குக் கேட்க நமக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும்.