வைக்கோலுக்குள் ஒரு நுண்ணிழை



வெள்ளானூர், ஆவடிப் பக்கம் வீட்டுமனையாகப் போனது போக, மிச்ச வயலில் நெல் அறுத்ததும் வைக்கோல் கிடக்கிறது. மாட்டுக்குப் போக மீதி என்ன ஆகிறது? சில பேர் கொளுத்திவிடுகிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். பருத்தியிலே நூற்றுக்கு 90-க்கு மேல்.

இந்த நாரைப் பிரித்துக்கொண்டே போனால், தலைமயிரைப் பல ஆயிரமாகக் கிழித்தது போன்ற இழை கிடைக்கும். அதுதான் நானோசெல்லுலோஸ். காகிதத்துக்கும் சிமெண்டுக்கும் வலுவூட்ட உதவும். மும்பையில் மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 2015-இல் இதற்கென ஒரு முன்னோடி ஆலையைத் தொடங்கியது.

முதலில் நாரைக் காரத்தில் வேகவைத்து, வெளுக்கிறார்கள். பிறகு இயந்திரத்தில் அரைக்கலாம். கந்தக அமிலத்திலும் பிரிக்கலாம். 100 கிலோ கூழில் 2 கிலோ நார் இருந்தாலே கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டியாக நிற்கும். மீதி எல்லாம் தண்ணீர்தான்!

நம்ம கொட்டகையிலே செய்து பார்க்கலாமா? கூடவே கூடாதுங்க. அந்த அமிலம் பட்ட இடம் வெந்துபோகும்.

"மாடு தின்கிற நார்தானே, இதிலே என்ன ஆபத்து?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பஞ்சாலையில் வேலை பார்த்தவர்களை விசாரியுங்கள். உடுத்தினால் சுகமான பஞ்சு, தூசாகிச் சுவாசத்தில் போனால், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளே நெஞ்சை அடைக்கும். ஆகவே, இழை பொடியானதும் புதுப் பொருளாகவே எண்ணிச் சோதிக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில், பிறகு எலிகளில். தீனியில் கலந்து கொடுத்தபோது பெரும்பாலும் கெடுதல் தெரியவில்லை. நுரையீரலுக்குள் செலுத்தியபோது அழற்சி கண்டது. அதனால் உலர்ந்த பொடியைவிட ஈரக் கூழாக வைத்திருப்பதே நல்லது. உலர்த்துகிற இடத்தில் முகக்கவசம் கட்டாயம் வேண்டும்.

இதில் நம்ம பங்கும் உண்டு. மழையில் ஊறி மக்கிய வைக்கோலில் கிருமி பெருகும். அதன் நஞ்சு பொருளில் தங்கிவிட்டால், அழற்சி நாரால் வந்ததா, கிருமியால் வந்ததா என்று பிரித்தறிவது சிரமம். வைக்கோலை நன்றாகக் காயவைத்து, மேடான இடத்தில் போர் போடுங்கள். மாட்டுக்கும் அதுதான் நல்லது.

நாளைக்கே நல்ல விலை வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆலை வைக்கிறேன் என்று யாராவது ஊருக்குள் வந்தால், வைக்கோல் விலையைப் பேசுவதற்கு முன்னால், அமிலக் கழிவுநீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.