மின்வாய்த் தாள்களும் காபனும்

ஒரு கிராம் காரீயத்தை ஓரணுத் தடிப்புள்ள தாள்களாகப் பிரித்து விரிக்க முடியுமாயின், அவற்றின் இருபுறப் பரப்பும் சேர்ந்து 2,630 சதுர மீற்றரளவாகும் என்பது கணக்கு. (ஈயம் சிறிதுமில்லாத இப்பொருளுக்குக் காரீயம் என்னும் பெயர் வழங்குவது விந்தையே.) மஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திலே கைம், நொவொசெலொவ் என்னும் இருவர் 2004 ஆம் ஆண்டிற் காரீயத்தைச் சாதாரண ஒட்டுநாடாவினால் உரித்தே அத்தகைய தாளைப் பிரித்தெடுத்தனர். கிரபீன் எனப்படும் அதனை ஆராய்ந்தமைக்காக 2010 இல் நோபெற் பரிசும் பெற்றனர். நம் நாட்டுப் போகல, ககட்டகக சுரங்கங்களில் அகழப்படுவதும் இக்காரீயமே.

பரப்பு இத்துணை வேண்டப்படுவது ஏன்? மீக்கொள்ளளவி என்னும் மின்சேமிப்புக் கருவியில், மின்பகுபொருளிலுள்ள அயன்கள் மின்வாயின் மேற்பரப்பை அண்டி நிற்கின்றன. மின்வாயின் ஏற்றமும் அயன்களின் எதிரேற்றமும் இவ்வாறு நேருக்குநேர் நிற்பதாலே சத்தி தேங்குகின்றது. அயன்கள் பொருளின் உள்ளாழத்துக்குச் செல்லவேண்டாமையின், மின்கலம் மணிக்கணக்கில் ஏற்பதை இது நொடிக்கணக்கில் ஏற்கும். வண்டியை நிறுத்தும்போது வீணாகும் சத்தியை ஏற்று, மீண்டும் புறப்படும்போது அளிப்பதற்குப் பேருந்துகளிலும் திராம் வண்டிகளிலும் இக்கருவி பயன்படுவது இவ்விரைவு பற்றியே.

2011 இல் அமெரிக்காவிலே, பிலடெல்பியா நகரத்துத் துரெட்சல் பல்கலைக்கழகத்தார் மக்சீன் என்னும் வேறொரு தாளினத்தை வெளியிட்டனர். தைத்தேனியம், அலுமினியம், காபன் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காய் அமைந்த பொருளொன்றை ஐதரோபுளோரிக்கமிலத்தில் இட்டபோது, அலுமினிய அடுக்கு மாத்திரம் நீங்கத் தைத்தேனியக் காபைட்டுத் தாள்கள் எஞ்சின. அவை உலோகம்போல மின்னைக் கடத்துவன. நீரிலும் நன்கு பரவுவன.

ஆயினும் இத்தாள்கள் யாவற்றுக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. மழையில் நனைந்த புத்தகம் உலர்ந்தபின் அதன் தாள்களைப் பிரிக்க முயன்றோர் அதனை எளிதில் உணர்வர். மின்வாயாக்கும்பொழுது தாள்கள் மீண்டும் ஒன்றன்மேலொன்று படிந்து ஒட்டிக்கொள்கின்றன. அயன்கள் விளிம்பு வழியன்றி உட்புக இயலாது. அரும்பாடுபட்டுப் பெற்ற பரப்பிற் பெரும்பகுதி பயனற்றுப்போகின்றது.

இங்கேதான் காபன் துணைக்கு வருகின்றது. தாள்களுக்கிடையே காபன் நுண்குழாய்களைச் செருகினால், அவை தாள்களை விலக்கி நிறுத்தி அயன்களுக்கு வழிவிடும். தாமும் மின்னைக் கடத்தும். செய்முறையோ எளிது. மக்சீன் பரவிய நீரையும் நுண்குழாய் பரவிய நீரையும் மாறி மாறி வடிகட்ட, வளையத்தக்க தாளொன்று வடியின்மேற் படிகின்றது. துரெட்சல் ஆய்வாளர் 2015 இல் வெளியிட்ட முறை இதுவே.

காபனை மிகுதியாகச் சேர்த்தால் மட்டும் நன்மை மிகுமோ எனின், அன்று. இடைவெளி பெருகப் பெருக மின்வாய் பருக்கின்றது. ஒரு கன சதம மீற்றரில் அடங்கும் ஏற்றம் குறைகின்றது. ஒரு கிராமுக்கு இவ்வளவு எனக் கூறும் பெரிய எண்களைக் கண்டு மகிழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர். வண்டியினுள் ஒதுக்கப்படும் இடம் நிறையினால் அன்றிக் கனவளவினாலேயே அளக்கப்படுகின்றது.