எரிவாயுவால் குழாயைக் கழுவலாமா?

புது வீட்டில் குடியேறியதும் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது நல்ல தண்ணீர் அல்ல. மணல், சிமெண்டுத் துகள், துரு எல்லாம் கலந்து வரும். கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம். தெளிந்த பிறகுதான் குடத்தைப் பிடிக்கிறோம்.

எரிவாயுவில் ஓடும் மின்சார நிலையத்தைப் புதிதாகத் தொடங்கும்போதும் இதே வேலை உண்டு. ஆனால் அந்தக் குழாயில் வருவது தண்ணீர் அல்ல, தீப்பிடிக்கும் வாயு. அதையே திறந்துவிட்டுக் குழாயைச் சுத்தம் செய்யப் போய், ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்த கதை இது.

ஞாயிற்றுக்கிழமை காலை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஊர் மிடில்டவுன். அங்கே 'கிளீன் எனர்ஜி' என்ற 620 மெகாவாட் மின்சார நிலையம் கட்டப்பட்டு வந்தது. வேலை முடியும் தறுவாயில் இருந்தது. 2010-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள் என்றாலும் கட்டிடத்துக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

காலை சுமார் 11-15 மணிக்குப் பயங்கர வெடிச்சத்தம் கேட்டது. பல மைல் தூரத்தில் இருந்த வீடுகளும் அதிர்ந்தன. 6 பேர் பலியானார்கள். சுமார் 50 பேர் காயம் அடைந்தார்கள்.

ஏன் கழுவ வேண்டும்?

குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கும்போது உள்ளே கசடு விழும். துரு படியும். மண்ணும் சேரும். எரிவாயு டர்பைனின் பிளேடுகள் அதிவேகமாகச் சுற்றுபவை. வாயுவோடு சேர்ந்து ஒரு சிறு இரும்புத் துகள் பாய்ந்தாலும் பர்னரும் பிளேடும் பழுதாகிவிடும். நஷ்டம் கோடிக்கணக்கில் போகும். ஆகவே, டர்பைனோடு குழாயை இணைப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் குப்பையை வெளியேற்றியே ஆகவேண்டும்.

இதற்கு மிடில்டவுனில் கையாண்ட வழி, குழாயில் வரும் எரிவாயுவையே சதுர அங்குலத்துக்கு சுமார் 650 பவுண்டு அழுத்தத்தில் திறந்துவிடுவது. அது சீறிப் பாய்ந்து குப்பையை அடித்துக்கொண்டு வெளியே போகும். வாயு ஏற்கனவே வாசலில் இருக்கிறது. வேறு எந்திரம் வேண்டியதில்லை. அதனால் இந்த முறை அந்தத் தொழிலில் வழக்கமாகவே இருந்தது. இதைத் தடுக்கத் தனிச் சட்டமும் அப்போது இல்லை.

8 ஆயிரம் அறைகள்

விபத்தை விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் சொன்ன கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அன்று காலை மட்டும் வெளியே விடப்பட்ட வாயு சுமார் 20 லட்சம் கன அடி. ஓர் அமெரிக்கக் குடும்பம் 25 ஆண்டுகளுக்கு மேல் சமைக்கவும் குளிர் காயவும் அது போதுமாம். கடைசி 10 நிமிடத்தில் மட்டும் 4 லட்சம் கன அடி.

நம் சால் வீட்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் ஆயிரம் கன அடி. இந்த வாயு காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்தால் வெடிக்கும். 5 பங்கு கணக்கில் பார்த்தால், அந்தப் பத்து நிமிட வாயு அப்படிப்பட்ட 8 ஆயிரம் அறைகளை வெடிகுண்டாக்கப் போதும்.

இந்த வாயு காற்றைவிட லேசானது. வெட்டவெளியில் மேலே போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே குழாயின் வாய் 20 அடிக்கும் குறைந்த உயரத்தில், பக்கவாட்டில் பார்த்திருந்தது. இரண்டு பக்கமும் உயரமான கொதிகலன் கட்டுமானங்கள். வாயு கலைந்து போக வழியில்லை. கட்டிடத்தில் மின்சாரம் இருந்தது, ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது, வெல்டிங்கும் நடந்தது. ஒரு பொறி எங்கிருந்து வந்தால் என்ன?

மூன்று நாள் முன்னால்

இது முதல் விபத்தும் அல்ல. இப்படிக் குழாயை ஊதும்போது 2001-ல் ஒஹையோ மாநிலத்தின் லொரெய்னிலும், 2003-ல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபீல்டிலும் வாயு பற்றிக்கொண்டது. 2009 ஜூன் 9-ந் தேதி வட கரோலினாவில் கார்னர் என்ற ஊரின் உணவுத் தொழிற்சாலையில், புது ஹீட்டருக்கான குழாயில் இருந்த காற்றை வெளியேற்ற, எரிவாயுவைக் கட்டிடத்துக்குள்ளேயே விட்டார்கள். 4 பேர் மாண்டார்கள். நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று அங்கே மூக்கை நம்பியது வீணாயிற்று. கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்.

அந்த விபத்தை விசாரித்த அதே வாரியம், எரிவாயுவைக் கட்டிடத்துக்குள் விடக்கூடாது என்று அவசர யோசனை சொன்னது 2010 பிப்ரவரி 4-ந் தேதி. மூன்றாம் நாள் மிடில்டவுன் வெடித்தது.

காற்றே போதும்

வேறு வழி இல்லாமலா இதைச் செய்தார்கள்? இல்லை. கம்ப்ரசரில் காற்றை நிரப்பி, வால்வைச் சட்டென்று திறந்தால் அதே வேகம் கிடைக்கும். குழாயின் வாயில் பளபளப்பான உலோகத் தகடு ஒன்றைப் பிடித்து வைப்பார்கள். பறந்துவரும் துகள் தகட்டில் பள்ளம் போடும். புதுத் தகட்டில் பள்ளம் விழாத வரை மீண்டும் மீண்டும் ஊதினால் குழாய் சுத்தம். நைட்ரஜன், நீராவி, தண்ணீர் ஆகியவற்றாலும் செய்யலாம். குழாய்க்குள் உருளும் கட்டையை அனுப்பித் தள்ளும் முறையும் உண்டு. இவை எதுவும் தீப்பிடிப்பதில்லை.

சுத்தமான பிறகு குழாயில் உள்ள காற்றை நைட்ரஜனால் வெளியேற்றிவிட்டுத்தான் எரிவாயுவை விடவேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் கலவை உண்டாகும். இந்த வழிகளிலும் ஆபத்து உண்டு. ஊதும் காற்றோடு வரும் துகள் ஆளைத் துளைக்கும். சத்தம் காதைக் கெடுக்கும். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது நிறைந்த மூடிய இடத்துக்குள் போனவர் மூச்சுத் திணறி விழுவார். கயிறு கட்டி ஆட்களை விலக்கிவைத்தால் இவற்றைத் தவிர்க்கலாம்.

விபத்துக்குப் பின் கனெக்டிகட் மாநிலம் எரிவாயுவால் ஊதுவதைத் தடை செய்தது. அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கம் 2011-ல் இதற்கென்றே 56-ம் எண் விதியை வெளியிட்டது. 17 கம்பெனிகள் மீது மொத்தம் 1 கோடியே 66 லட்சம் டாலர் அபராதமும் முன்மொழியப்பட்டது.

நம்மவர்களுக்கு

மும்பைக்கு அருகே உரணிலும், குஜராத்திலும், ஆந்திராவிலும் எரிவாயு மின்சார நிலையங்கள் உண்டு. வளைகுடா நாடுகளிலோ கேட்கவே வேண்டாம். பிட்டராகவும் வெல்டராகவும் நம் பிள்ளைகள் அங்கெல்லாம் போகிறார்கள். மிடில்டவுனில் இறந்தவர்களும் இப்படி வேலைக்குப் போன தொழிலாளர்கள்தான்.

ஆகவே வீட்டில் ஒருவர் அந்த வேலைக்குப் போகிறார் என்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள். "குழாயை இன்று எதைக் கொண்டு ஊதுகிறார்கள்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்கட்டும். "காற்று" என்றால், கயிற்றுக்கு வெளியே நிற்கட்டும். "கேஸ்" என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரையும் அழைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடட்டும். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.