திடல் வேண்டுமா? சால்வையை விடுங்கள், சர்வே எண்ணை எடுங்கள்

சட்டமன்ற உறுப்பினருக்குச் சால்வை போர்த்தி, மனுவின் ஓரத்தில் 'ஆவன செய்யவும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் கபடிக் குழுக்களையும் கைப்பந்துக் கழகங்களையும் வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்த மனுவைச் செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அதோடு சரி. இரண்டு வருடம் போனபின் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்பார்கள். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல கோரிக்கைகள் செத்துப்போவது நில ஆவணத்தில்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி உங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வராது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழகச் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். அந்தப் பணம் அவர்கள் கையிலும் இருப்பதில்லை. அவர்கள் செய்வது பரிந்துரை மட்டும். நிர்வாக அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர். அதன்பின் ஒப்பந்தப்புள்ளி கோரி ஒன்றிய அலுவலகமோ வேறு துறையோ வேலையைச் செய்யும். கட்டி முடித்த திடலோ உடற்பயிற்சிக் கூடமோ பொதுச் சொத்து. 'எங்கள் கழகத்துக்கு நிதி' என்று கேட்காதீர்கள். 'எங்கள் ஊராட்சியில் இன்ன சர்வே எண்ணில் திடல்' என்று கேளுங்கள்.

அந்தச் சர்வே எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. பையன்கள் இருபது வருடமாக ஆடுகிற இடம் என்பதால் அது விளையாட்டு மைதானம் ஆகிவிடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அரசின் நிலப்பதிவு இணையதளத்திலும் சர்வே எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். வகைப்பாடு என்ற இடத்தில் 'ஏரி', 'குளம்', 'ஓடை', 'வாய்க்கால்' என்று இருந்தால், தண்ணீர் வந்து தலைமுறை ஆகியிருந்தாலும் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். நீர்நிலைகளைக் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொல்லிவிட்டது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழகத்தில் 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இது தெரிந்தும் மனுவை வாங்கிவைத்துக்கொண்டு, வருடக் கணக்கில் 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்லும் அதிகாரிகளை என்ன சொல்வது? முதல் நாளே 'இது ஏரிப் புறம்போக்கு, வேறு இடம் பாருங்கள்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மேய்க்கால் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையின் முறையான அனுமதி வேண்டும். அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும், ஒன்றிய அலுவலகத்துக்கு அல்ல. தனியார் பட்டா என்றால் உரிமையாளர் ஊராட்சியின் பேரில் தானப் பத்திரம் பதிந்து கொடுக்கவேண்டும். 'அண்ணன் வாயால சொல்லிட்டாரு' என்பது ஆவணம் இல்லை.

நிலம் சரியென்றால் அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் எழுந்து நின்று சர்வே எண், பரப்பு, என்ன வேலை என்று மூன்றையும் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். 'இளைஞர் நலனுக்கு ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது' என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். 12,525 ஊராட்சிகளுக்கென்று அறிவிக்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊரில் எந்த அறையில் பூட்டிக்கிடக்கிறது? இருப்புப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

தீர்மான நகல், அ-பதிவேட்டு நகல், புலப்படம் ஆகிய மூன்றையும் மனுவோடு இணைத்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒன்று கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒன்று கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். ஊரில் பணம் திரட்ட முடியுமானால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். மக்கள் பங்கை அரசுக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீதோடு. யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், யார் கையிலும்.

ஏனென்றால் 'சாங்ஷன் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் கொடுங்க' என்று ஓர் ஆள் நிச்சயம் வருவார். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால், ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு உண்டு. கேட்டவுடனே, கொடுப்பதற்கு முன்பே, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குப் போய்விடுங்கள்.

மாதங்கள் போயும் பதில் இல்லையா? வெள்ளைத்தாளில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'எங்கள் மனு எந்தத் தேதியில் பதிவானது, அதன்மீதான கோப்புக் குறிப்புகளின் நகல், நிராகரித்திருந்தால் அந்த ஆணையின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்த நாள் கணக்கைத் தவறவிட்டுத்தான் பலர் தோற்கிறார்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

வேலை நடக்கும்போதும் தூங்கவேண்டாம். அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, நடக்கும் பணியைப் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றளித்துப் பெறவும் உரிமை தருகிறது. மதிப்பீட்டு நகலையும் அளவுப் புத்தக நகலையும் வாங்கி, கையில் டேப்போடு போய்த் தளத்தை அளந்து பாருங்கள். அளவு குறைந்தால் அன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பில் போய்விட்ட பிறகு அழுது பயனில்லை.

அடுத்த கிராம சபைக்கு முன்னால் உங்கள் திடலின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்துவிடுங்கள்.