கசட்டிலிருந்து கணினிக்கு: படம் கெடுவது எந்த இடத்தில்?

கைப்பேசிக் கெமரா பரவுவதற்கு முந்திய காலத்தில் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய நகரங்களின் ஸ்டூடியோக்காரர்கள் தோட்டங்களுக்குச் சென்று எடுத்துக் கொடுத்த கலியாண வீடியோக்களும், சடங்கு வீடியோக்களும், மாரியம்மன் கோயில் திருவிழாக் காட்சிகளும், மாசி மாதத்துக் காமன் கூத்தும் கசட்டுகளாகவே பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றிப் பார்க்கும்போது முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதறியோ, அசையும் கைகளின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றியோ, நிறம் வெளிறியோ, ஆட்கள் பக்கவாட்டில் பருத்தோ தெரிந்தால், கசட் பழையது என்று சொல்லி முயற்சியைக் கைவிடுவது வழக்கமாகிவிட்டது. நாடாவில் படம் நன்றாகவே இருந்தும், அது டெக்கிலிருந்து கணினித் திரையை அடையும் வழியில் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் பல உள்ளன. அந்த இடங்களை வரிசை தவறாமல் சோதித்தால் குறைகளில் பெரும்பகுதியைத் திருத்த முடியும்.

இரண்டு வகைக் கசட், இரண்டு வகை வேலை

தோட்டப்புறங்களில் கிடைக்கும் கசட்டுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது, ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். கசட் ஆகும். அரை அங்குல அகல நாடாவில் காந்த அலையாகப் படத்தைப் பதியும் இவ்வகை, ஒன்றையொன்று ஒட்டிய ஏறத்தாழ 240 செங்குத்துக் கோடுகளை மட்டுமே பிரித்துக் காட்ட வல்லது என்பதால், அதில் இயல்பாகவே நுணுக்கம் குறைவு. இரண்டாவது, 1990களின் நடுப்பகுதியில் வந்த மினி டி.வி. கசட், இங்கே டி.வி. என்பது டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கமாகும். இதில் படம் தொடக்கத்திலேயே எண்களாக மாற்றப்பட்டு, குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் கொண்ட சட்டகங்களாக, விநாடிக்கு 25 என்ற அளவில் பதியப்படுகிறது. இந்த 576 வரி, 25 சட்டகம் என்ற அளவுகள் 'பால்' எனப்படும் தொலைக்காட்சி முறைக்கு உரியவை. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சியும் இந்த முறையையே பின்பற்றியது.

இந்த வேறுபாட்டை உணராமல் இரு வகைக் கசட்டுகளையும் ஒரே விதமாகக் கையாள்வதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. மினி டி.வி. நாடாவில் இருப்பது எண்கள் என்பதால், அதைக் கணினிக்குக் கொண்டுவருவது ஒரு கோப்பைப் பிரதி எடுப்பதற்கு ஒப்பானது. சரியான வழியில் எடுத்தால் தரம் சிறிதும் குறையாது. வி.எச்.எஸ். நாடாவில் இருப்பதோ காந்த அலை. அதை எண்களாக மாற்ற இடையில் ஒரு கெப்சர் கருவி வேண்டும் என்பதால், டெக், வயர், கருவி, மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றின் தரமும் படத்தைப் பாதிக்கிறது.

முதற் சோதனை: குறை கோப்பிலா, திரையிலா?

எதையும் மாற்றுவதற்கு முன் டெக்கையோ கெமராவையோ நேரே ஒரு தொலைக்காட்சியுடன் இணைத்து, அதே காட்சியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியிலும் அதே குறை தெரிந்தால் அது நாடாவையோ, அதை வாசிக்கும் டெக்கின் ஹெட்டையோ சார்ந்தது என்றும், தொலைக்காட்சியில் தெளிவாகவும் கணினியில் மோசமாகவும் தெரிந்தால் அது வயர், கருவி, மென்பொருள் ஆகியவற்றில் ஒன்றைச் சார்ந்தது என்றும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

கணினியில் சேமித்த கோப்பு நல்லதாகவே இருந்து, அதைக் காட்டும் மென்பொருள் மட்டும் தரத்தைக் குறைப்பதும் உண்டு. பழைய விண்டோஸ் கணினிகளில், மினி டி.வி. கோப்பைப் பிரித்துக் காட்டும் உள்ளமைந்த பகுதி, கணினியின் சுமையைக் குறைப்பதற்காகப் படத்தைப் பாதி நுணுக்கத்திலேயே காட்டும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது. அதே கோப்பை வி.எல்.சி. போன்ற வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தால் உண்மை நிலை தெரியும். அதுபோலவே, வட்சப்பில் அனுப்பப்பட்ட பிரதியைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வதும் தவறு. சாதாரணமாக அனுப்பும்போது அந்தச் செயலி வீடியோவை மிகவும் சுருக்கிவிடுகிறது. மேலும், 576 வரிகள் கொண்ட பழைய படத்தை 1,080 வரிகள் கொண்ட திரை முழுவதும் விரித்தால் ஓரளவு மங்கல் தோன்றுவது இயல்பே. அதைப் பழுதாகக் கருதத் தேவையில்லை.

நாடாவும் ஈரமும்

ஊவா மாகாணத்தின் காலநிலை காந்த நாடாவுக்கு உகந்ததன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை, வடகீழ்ப் பருவக்காற்றின் மழையைப் பெறும் பகுதி. 1,400 மீற்றருக்கு மேல் அமைந்த அப்புத்தளையில் பகலிலும் பனிமூட்டம் இறங்குவதுண்டு. காற்றோட்டம் குறைந்த லயத்து அறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கசட்டில் பூஞ்சணம் பிடிக்கும். கசட்டின் சாளரம் வழியாகப் பார்க்கையில் சுருளின் ஓரத்தில் வெண்பொடி தெரிவது அதன் அடையாளம். அத்தகைய கசட்டை டெக்கில் போடவே கூடாது. ஏனெனில் பூஞ்சண வித்துகள் டெக்கினுள் பரவி அடுத்துப் போடும் கசட்டுகளுக்கும் தொற்றுவதோடு, ஒட்டிக்கொண்ட நாடா இழுபட்டு அறுந்துபோகவும் கூடும். அதைத் தனியே வைத்து, நாடாவைத் துப்புரவு செய்யும் பயிற்சி உள்ளவரிடம் ஒப்படைப்பதே தகும்.

நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சி இளகுவது இன்னொரு கேடு. இளகிய பசை ஹெட்டில் படிந்து படத்தை மறைக்கும். ஹெட் என்பது வேகமாகச் சுழலும் உருளையில் பதிந்துள்ள, நாடாவை வாசிக்கும் நுண்ணிய உறுப்பு. அது அழுக்கடைந்தால் வி.எச்.எஸ். படத்தில் பனி பெய்வது போன்ற வெண்புள்ளிகள் நிறையும், மினி டி.வி. படத்திலோ சதுரக் கட்டங்கள் தோன்றும். 'பால்' முறையில் மினி டி.வி. படத்தின் ஒவ்வொரு சட்டகமும் நாடாவில் 12 தடங்களாகப் பிரித்து எழுதப்பட்டு, இரண்டு ஹெட்டுகளால் மாறி மாறி வாசிக்கப்படுவதால், ஒன்று மட்டும் அடைபட்டால் படத்தில் ஒரு பட்டை தெளிவாகவும் அடுத்த பட்டை சிதைந்தும் மாறி மாறித் தெரியும். துப்புரவுக் கசட்டைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டால் இக்குறை பல வேளைகளில் நீங்கும். அதை மீண்டும் மீண்டும் ஓட்டினால் ஹெட் தேய்ந்துவிடும்.

குளிரான இடத்திலிருந்து கொண்டுவந்த கசட்டையோ கெமராவையோ உடனே இயக்காமல், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் வைத்திருப்பது நன்று. இல்லையேல் உள்ளே படியும் நீர்த்துளியில் நாடா ஒட்டிக்கொள்ளும். 60 நிமிட மினி டி.வி. கசட்டில் 90 நிமிடம் பதிவதற்காக மெதுவான ஓட்டத்தைத் தெரிவு செய்திருந்தால் தடங்கள் மிக ஒடுங்கியிருக்கும். அத்தகைய கசட்டைப் பதிந்த அதே கெமராவிலோ அதே வகைக் கெமராவிலோ ஓட்டினால்தான் படம் சீராக வரும்.

வயரைத் தெரிவதில் நேரும் தவறு

மினி டி.வி. கெமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. துளையும் இருந்தது. ஆனால் அது பொதுவாக நிழற்படங்களை மாற்றுவதற்கும் வெப்கேம் போலப் பயன்படுத்துவதற்கும் வைக்கப்பட்டது. பல கெமராக்களில் அதன் வழியாகச் சிறியதும் சுருக்கப்பட்டதுமான படமே வரும். நாடாவில் உள்ள எண்களை உள்ளபடியே தருவது ஃபயர்வயர் இணைப்பு. சோனி கெமராக்களில் இதே இணைப்பு ஐ-லிங்க் எனக் குறிக்கப்பட்டது. கணினிக்கு வந்த படம் வழக்கத்துக்கு மாறாகச் சிறிதாகவும் கட்டங்கட்டமாகவும் இருந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதையே. புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இருப்பதில்லை; ஆகவே அத்துளை உள்ள பழைய கணினியைக் கழிவென்று வீசாமல் இந்த வேலைக்கென ஒதுக்கி வைப்பது பயன் தரும். மேசைக்கணினியில் அதற்கான அட்டையைப் பொருத்தவும் முடியும். கெமராவின் ஃபயர்வயர் துளை எளிதில் பழுதடையக்கூடியது என்பதால், வயரைச் செருகும்போது கெமராவை நிறுத்தி வைப்பது பாதுகாப்பு.

வி.எச்.எஸ். டெக்கிலிருந்து படத்தை எடுக்க மூன்று வழிகள் உண்டு. அன்டெனா வயர் வழியே எடுப்பது மிகவும் தரம் குறைந்தது; மஞ்சள் முனை கொண்ட ஏ.வி. வயர் அதைவிட மேலானது. எஸ்-வீடியோ எனப்படும் வட்டமான பல ஊசி முனை, உள்ள டெக்குகளில், எல்லாவற்றிலும் சிறந்தது. நாடாவில் ஒளியளவும் நிறமும் தனித்தனியே பதியப்பட்டிருக்க, மஞ்சள் வயர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. கெப்சர் கருவி அவற்றை மீண்டும் பிரிக்கையில் நிற விளிம்புகளில் புள்ளிகள் ஊர்கின்றன. எஸ்-வீடியோ இரண்டையும் பிரித்தே அனுப்புவதால் இக்குறை நேர்வதில்லை.

டெக்கின் வேகத்தில் நேரும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தால் படத்தின் நேர்கோடுகள் நெளிந்தால், வரிகளின் நேரத்தைச் சீராக்கும் சுற்று தேவைப்படுகிறது. சில உயர்தர டெக்குகளில் இது உள்ளேயே அமைந்திருக்கும். சில டிவிடி பதிவுக்கருவிகள் வழியாகப் படத்தைக் கடத்தினாலும் நெளிவு குறையும். இவை தவிர, மலிவான யு.எஸ்.பி. கெப்சர் கருவிகளின் மென்பொருள் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.க்கு அமைக்கப்பட்டிருக்கக்கூடும். அதே நிலையில் 'பால்' கசட்டை ஓட்டினால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டபடியோ வரும். மாறாக, கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய கசட் என்.டி.எஸ்.சி. ஆக இருக்கும் என்பதால், கசட்டுக்கேற்ப இந்த அமைப்பை மாற்ற வேண்டும்.

கணினியின் வேகமும் கோப்பின் அளவும்

படம் இடையிடையே துள்ளுவது, சில சட்டகங்கள் எழுதப்படாமல் தவறிப்போவதன் விளைவு. மினி டி.வி. படம் விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் வேகத்தில் வருகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டும். வன்தட்டு நிரம்பியிருந்தாலோ, பின்னணியில் வைரஸ் சோதனை நடந்தாலோ, மடிக்கணினி பற்றரியில் மெதுவாக ஓடினாலோ எழுதும் வேலை பின்தங்கும். வன்தட்டு ஃபேட்-32 என்னும் பழைய முறையில் ஒழுங்கமைக்கப்பட்டிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் பதிவு நின்றுபோவதற்கு இது காரணமாகலாம்.

மென்பொருளில் தெரிவு செய்யும் வடிவம் இன்னும் முக்கியமானது. மினி டி.வி. படத்தை எடுக்கையில் அதை எவ்வித மாற்றமுமின்றி டி.வி.-ஏ.வி.ஐ. கோப்பாகச் சேமிக்க வேண்டும். இடம் மிச்சமாகும் என்று எண்ணிச் சுருக்கிய வடிவத்தைத் தெரிவு செய்தால், ஏற்கெனவே ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிப் பதியப்பட்ட படம் மறுபடியும் சுருக்கப்பட்டு நுணுக்கத்தை இழக்கும். வி.எச்.எஸ். படத்தைச் சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 70 ஜிகாபைட்டுக்கு மேல் செல்லும் என்பதால், தரத்தை இழக்காமல் அளவை மட்டும் குறைக்கும் எஃப்.எஃப்.வி.1, ஹஃப்-ஒய்.யு.வி. போன்ற முறைகளை நாடலாம். இவற்றுள் முன்னையதை ஆவணக் காப்பகங்களும் பயன்படுத்துகின்றன.

சீப்புக் கோடுகளும் பருத்த முகங்களும்

பழைய வீடியோவின் ஒவ்வொரு சட்டகமும் இரண்டு அரைச்சட்டகங்களால் ஆனது. ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் விநாடியின் 50இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. பழைய குழாய்த் தொலைக்காட்சி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. கணினியோ இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்குகிறது. தப்படிப்பவரின் கை அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிடுவதால் அதன் விளிம்பு சீப்புப் பற்களாகப் பிளவுபடுகிறது. இது நாடாவின் பழுதன்று. மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பார்வைக்கான பிரதியில் மட்டும் விநாடிக்கு 50 முழுப்படங்களாகப் பிரித்தால் அசைவு சீராகும். எந்த அரைச்சட்டகம் முதலில் வரும் என்பதையும் சரியாகக் குறிக்க வேண்டும்: மினி டி.வி.யில் கீழ் அரைச்சட்டகமும் (இரட்டை வரிகள்), வி.எச்.எஸ். கெப்சரில் பொதுவாக மேல் அரைச்சட்டகமும் (ஒற்றை வரிகள்) முதலில் வரும். மாற்றிக் குறித்தால் ஆட்டம் முன்னும் பின்னுமாக நடுங்கும்.

720க்கு 576 என்ற அளவிலுள்ள பழைய படம் உண்மையில் நான்குக்கு மூன்று என்ற வடிவில் காட்டப்பட வேண்டியது. சதுரப் புள்ளிகள் கொண்ட திரையில் அதன் அளவு 768க்கு 576. அகன்ற திரையை நிரப்புவதற்காக அதை இழுத்தால் முகங்கள் பருக்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரியான தோற்றம்.

இனிப் பிற்போட முடியாத பணி

உலகின் கடைசி வி.எச்.எஸ். டெக்குகளைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் 2019இல் இணைந்து நடத்திய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், டெக்குகளும் உதிரிப்பாகங்களும் அருகிவருவதால் 2025க்குள் மாற்றப்படாத நாடாக்களின் உள்ளடக்கம் நிரந்தரமாக இழக்கப்படக்கூடும் என உலகை எச்சரித்தது. அந்த ஆண்டு வந்துவிட்டதால் வேலை முடிந்துபோய்விடவில்லை; ஆனால் ஒவ்வொரு நாடாவையும் இன்னும் எத்தனை முறை ஓட்ட முடியும் என்பது உறுதியில்லாததால், முதல் முறையிலேயே சரியான வயரும் சரியான அமைப்பும் கொண்டு எடுப்பது கட்டாயமாகிறது.

எடுத்த கோப்பை ஒரே வீட்டில் ஒரே வன்தட்டில் வைப்பதும் போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவில் லயங்கள் குடும்பங்களோடும் உடைமைகளோடும் புதைந்துபோன பேரிழப்பு, மலைச்சரிவில் வாழும் மக்களின் ஆவணங்களுக்கு வேறோர் ஊரில் இன்னொரு பிரதி எவ்வளவு அவசியம் என்பதை உணர்த்தியது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை டிஜிட்டல் வடிவில் திரட்டிவரும் நூலக நிறுவனம் போன்ற பொது முயற்சிகள், உரியவர்களின் சம்மதம் பெற்ற கூத்து, திருவிழாப் பதிவுகளுக்குத் தக்க இடமாக அமையும். மாற்றி முடித்த பின்னும் மூல நாடாவை எறியாமல், உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும்; நாளை மேலான கருவி கிடைத்தால் மீண்டும் எடுக்க அது ஒன்றே ஆதாரம்.

மலையகத் தமிழர் இந்நாட்டில் 200 ஆண்டுகளைக் கடந்ததை 2023இல் நினைவுகூர்ந்தபோது, அவர்களது வாழ்வை அவர்களே பதிவு செய்த சான்றுகளின் தேவை பெரிதும் உணரப்பட்டது. ஒரு தோட்டத்தில் காமன் கூத்தாடிய மூத்த கலைஞரின் அடவும் குரலும் எந்த நூலிலும் இல்லாமல், ஒரு கலியாணக் கசட்டின் பின்பகுதியில் மட்டும் எஞ்சியிருக்கலாம். நல்ல டெக் ஒன்றும், ஃபயர்வயர் உள்ள பழைய கணினி ஒன்றும், இந்த வரிசையை அறிந்த இளைஞர் இருவரும் பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு பொது இடத்தில் அமைந்தால், சுற்றுவட்டத் தோட்டங்களின் கசட்டுகளைத் தரம் கெடாமல் காப்பாற்றலாம். கோயில் சபைகளும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் சேர்ந்தால் எட்டக்கூடிய இந்த ஏற்பாட்டை, டெக்குகள் ஓடும் நிலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.